அவங்க எனக்கு யாரு தம்பி? லயத்து வீட்டிலிருந்து வாடகை வீடு வரை



அம்பாங் பெச்சாவில் நாங்கள் நடத்திய கலந்துரையாடலின்போது கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா கை தூக்கினார். அன்றைய தலைப்பு, திருமணமாகாத இளையோரும் பட்டணத்து நட்பு வட்டங்களும். அதுவரை பேசிய பெரியவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வருவதில்லை, கூட்டாளிகளே கதி என்று கிடக்கிறார்கள், இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம் பண்பாட்டில் இல்லாதது. அந்த அம்மா அப்படிப் பேசவில்லை.

"தம்பி, என் மகன் கோலாலம்பூர்ல அஞ்சு கூட்டாளிங்களோட ஒரே வீட்டுல இருக்கான். போன மாசம் அவனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்திருக்கான். மாத்தி மாத்தி காவல் இருந்தது, கஞ்சி வாங்கிக் கொடுத்தது, துணி துவைச்சது எல்லாம் அந்தப் பசங்கதான். அவன் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். அம்மா பயந்துடுவாங்கன்னு சொல்லலையாம். நான் அந்தப் பசங்களுக்கு நன்றி சொல்றதா, இல்ல அவங்களோட சண்டை போடுறதா? அவங்க எனக்கு யாரு தம்பி?"

கேட்ட கேள்விக்கு உடனே எதையாவது சொல்லிச் சமாளிப்பதுதான் நிகழ்ச்சிப் படைப்பாளரின் தொழில். அன்று எனக்கு வாய் வரவில்லை. "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு நான் பாக்கி வைத்த பதில்தான் இன்றைய உரை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. அம்பாங் பெச்சா உலு சிலாங்கூரில், கோல குபு பாரு பட்டணத்தை ஒட்டி இருக்கிறது. பெயருக்குப் பொருள் உடைந்த அணை. 1883-ஆம் ஆண்டு இங்கிருந்த அணை உடைந்து, கீழே இருந்த பழைய கோல குபு பட்டணத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி ரேங்கிங் துரையும் அதில் மாண்டார். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று இன்றும் கதை சொல்வார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அன்று அரங்கில் இருந்தவர்களில் பலர் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது தாமான்களுக்குக் குடிவந்தவர்கள். ஆகவே நான் வரலாற்றைத் தேடிப் போனது தோட்டத்துக்குத்தான்.

திருமணமாகாத பட்டணத்து இளைஞர்கள் நண்பர்களையே குடும்பமாக்கிக்கொள்வதைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையாளர் ஏதன் வாட்டர்ஸ் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். 2003-இல் அது நூலாக வந்தது. 'நகரத்துக் குலங்கள்' என்று அந்த வட்டங்களுக்கு அவர் பெயர் வைத்தார். அதற்கு முன்பே, 1988-இல், பிரெஞ்சு சமூகவியலாளர் மிஷேல் மஃபெசோலி இதே 'குலம்' என்ற சொல்லைக் கையாண்டு ஒரு நூல் எழுதிவிட்டார். தொலைக்காட்சியில் 1994 முதல் 2004 வரை ஓடிய 'ஃபிரண்ட்ஸ்' தொடரை நம் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கில் ஆறு நண்பர்கள், ஒரு காப்பிக் கடை, கல்யாணம் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் பார்த்துத்தான் நம் பெரியவர்கள் மேல்நாட்டு இறக்குமதி என்கிறார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. மலேசியத் தமிழ்ச் சமுதாயம் தொடங்கியதே கல்யாணமாகாத கூட்டாளிகளின் வட்டத்தில்தான். மாமன், மச்சான், சித்தப்பா, பெரியப்பா எல்லாம் இங்கே பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

கணக்கைப் பாருங்கள். 1931-ஆம் ஆண்டு மலாயாவில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது இந்தியர்களில் 1,000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இன்னும் மோசம். அப்படியானால் நம் பாட்டன்மாரில் பலருக்கு இளமைக் காலம் முழுவதும் ஒண்டிக்கட்டை வாழ்க்கைதான். பத்துக்குப் பத்து லயத்து அறை. அதில் நாலைந்து ஆண்கள். ஒருவன் அரிசி களைவான், ஒருவன் விறகு பிளப்பான், காய்ச்சலில் கிடப்பவனுக்கு இன்னொருவன் கஞ்சி ஊற்றுவான். அந்த அம்மா சொன்ன கஞ்சி, நூறு வருடத்துக்கு முன்பே லயத்தில் காய்ச்சிய கஞ்சிதான்.

ஃபிஜி, டிரினிடாட், மொரீஷியஸ் தீவுகளுக்குக் கரும்புக்காட்டு வேலைக்குப் போன இந்தியர்களிடம் 'ஜஹாஜி பாய்' என்று ஓர் உறவுமுறையே இருந்தது. கப்பல் சகோதரன் என்று பொருள். ஒரே கப்பலில் வந்தவர்கள் கரையிறங்கிய பின்பும் உடன்பிறப்புகளாகவே பழகினார்கள். நம் பக்கத்தில் கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்துமே ஆள் கட்டி அழைத்து வந்தார். அதனால் ஊர்க்காரன் என்ற துணை கிடைத்தது. கூடவே ஊரின் சாதியும் கப்பலேறி வந்துவிட்டது. பல தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. பழைய கூட்டு வாழ்க்கையை நான் தேன் தடவிப் பேசவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரே அறையில் யார் யாரோடு சோறு உண்ணலாம் என்பதை அங்கே நட்பு முடிவு செய்யவில்லை.

லயத்து ஆட்களுக்கு ஒன்றுகூட இருந்த இடம் எது? பிரட்டுக்களம், கோயில், கள்ளுக்கடை. பிரட்டுக்களத்தில் பேச முடியாது. கோயில் திருவிழாவுக்குத் திருவிழா. மிச்சம் கள்ளுக்கடை. நம் ஆட்கள் குடித்தே கெட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நாலு பேர் உட்கார்ந்து பேசுவதற்குத் தோட்ட நிர்வாகமே அனுமதித்த இடம் அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே தோட்டத்தில், மேட்டு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரச் சின்னத் துரைகளும் பெரும்பாலும் கல்யாணமாகாதவர்கள்தான். முதல் ஒப்பந்தக் காலம் முடியும்வரை கல்யாணம் செய்யக்கூடாது என்று பல தோட்ட நிறுவனங்கள் கட்டுப்பாடு வைத்திருந்தன. குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் போதாது என்பது ஒரு காரணம். ஆனால் அவர்களுக்கு கிளப் இருந்தது. கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் 1884-லேயே வந்துவிட்டது. சனிக்கிழமை வந்தால் குதிரையிலோ காரிலோ போய் நண்பர்களைப் பார்த்துவிட்டு வரலாம். கோல சிலாங்கூர் பக்கம் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகொனியே, 1917-இல் தெனமாரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டவர். இந்த நாட்டில் செம்பனை வணிகப் பயிராகத் தொடங்கியது அங்கேதான். அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நாவலின் உயிர்நாடி என்ன தெரியுமா? போர்க்களத்தில் சந்தித்த இரண்டு ஆண்கள் மலாயாத் தோட்டத்தில் மறுபடி சேரும் நட்பு. துரைகளின் நட்பு இலக்கியமாகிப் பரிசு வாங்கியது. கீழே லயத்தில் இருந்தவர்களின் நட்போ 1941-ஆம் ஆண்டு ஒரு கோரிக்கைத் தாளில் எழுத்தில் ஏறியது.

அந்த 1941-க்கு வருவோம். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் இரண்டு வரி இருந்தால் அதிகம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச்.நாதனும் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி என்பதுதான் முதலில் எழுந்த கோரிக்கை. போகப் போகப் பட்டியல் நீண்டது. தமிழ் தெரிந்த கிராணிகள் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். பெண்களிடம் வம்பு செய்வது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் அவமானம் ஒழிய வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக அனுமதிக்க வேண்டும் என்கிறது அந்த வரி.

உறவினர்கள் மட்டும் அல்ல, நண்பர்களும். அன்றைக்குத் தோட்டம் என்பது தனியார் நிலம். நிர்வாகம் நினைத்தால் வெளியாளை அத்துமீறி நுழைந்தவன் என்று வெளியேற்றலாம். பக்கத்துத் தோட்டத்துக் கூட்டாளி உங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசுவதற்கும் மேலே இருப்பவன் கண்ணசைக்க வேண்டும். கூலி கேட்ட அதே மூச்சில் கூட்டாளியையும் கேட்டிருக்கிறார்கள் அந்த மனிதர்கள். வயிறு நிறையாத நிலையில் நண்பன் எதற்கு என்று அவர்கள் நினைக்கவில்லை. நிர்வாகத்துக்கும் அது தெரிந்திருக்கிறது. நாலு தோட்டத்து இளைஞர்கள் நண்பர்களாகிவிட்டால் பிறகு நாலு தோட்டமும் ஒன்றாகத்தான் வேலையை நிறுத்தும்.

அந்த மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படைகள் இறங்கின, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். அந்த வருடம் முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள்.

ஜப்பானியர் காலத்தில் லயங்கள் காலியானது பெரிய சோகம். சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதை வேறொரு நாளுக்கு உரியது. என் தலைப்புக்கு வேண்டியது 1943. அதுவரை நான் பேசியது ஆண்களைப் பற்றி மட்டும்தான், கவனித்திருப்பீர்கள். தோட்டத்துக் கன்னிப் பெண்ணுக்கு நண்பர் வட்டம் ஏது? அப்பன் வீடு, அது முடிந்தால் புருஷன் வீடு. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு பருவமே இல்லை. அந்தப் பருவத்தை முதன்முதலில் திறந்து கொடுத்தது ஒரு படை முகாம்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன இளம் தமிழ்ப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களோடு கோலாலம்பூரின் வசதியான வீட்டுப் பெண் ஜானகியும், ஈப்போவிலிருந்து வந்த ராசம்மாவும் ஒரே முகாமில் படுத்து எழுந்தார்கள், ஒரே அண்டாவில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். தகப்பன் பேரும் தோட்டத்துப் பேரும் பின்னுக்குப் போய், 'ராணி' என்ற ஒரே பெயர் எல்லாருக்கும் ஆனது. பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது காடு, மழை, குண்டுவீச்சு எல்லாவற்றிலும் ஒருவருக்கொருவர் துணை. அவர்கள் ஏந்திய துப்பாக்கி அரசியல் வரலாற்றில் நிறைய இடம் பிடித்துவிட்டது. அந்தப் பெண்கள் வாழ்நாளில் முதல்முறையாகத் தோழிகளோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

போர் முடிந்ததும் என்ன நடந்தது? ஜானகி ஆதி நாகப்பன் ம.இ.கா. தொடங்கியபோது உடனிருந்தார், பின்னாளில் செனட்டரானார். ராசம்மா பூபாலன் 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்துச் சம ஊதியத்துக்குப் போராடினார். படித்த பெண்களுக்கு வழி இருந்தது. தோட்டத்திலிருந்து போன ராணிகள் தோட்டத்துக்கே திரும்பி, மறுபடி கித்தாக்காட்டில் கத்தி பிடித்து, கல்யாணம் செய்து, பாட்டியானார்கள். உங்கள் வீட்டுப் பாட்டி எந்த முகாமில் யாரோடு இருந்தார் என்று கேட்காமலேயே விட்டுவிட்டவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

திரும்பி வந்த ஆண்கள் சும்மா இருக்கவில்லை. 1946, 47-இல் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் வரிசையில் நின்று பயிற்சி செய்தார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். ஒன்றுகூட இருந்த ஒரே இடத்தை அவர்களே மூடப் பார்த்தார்கள். அதற்குப் பதிலாக வேறோர் ஒன்றுகூடலைக் கையில் வைத்திருந்ததால்தான் அந்தத் துணிச்சல். அடக்குமுறையில் அதுவும் சிதைந்தது.

பிறகு 1950-களில் தமிழ் முரசு. கோ.சாரங்கபாணி தம் நாளிதழில் மாணவர் மணிமன்றம் என்று இளையோருக்கு ஒரு பகுதியைத் திறந்துவிட்டார். அதில் எழுதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நண்பர்களானார்கள். பிறகு பார்க்க ஆசைப்பட்டார்கள். ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் மணிமன்றங்கள் தோன்றின. கையெழுத்து ஏடு, பேச்சுப் போட்டி, நாடகம், பந்து விளையாட்டு. ஒரு வாசகர் பகுதி இளைஞர் இயக்கமாக வளர்ந்த இந்தக் கதையைப் பத்திரிகை படிக்கும் நீங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். தோட்டத்து மன்றக் கொட்டகைதான் கள்ளுக்கடைக்கும் கோயிலுக்கும் வெளியே இளைஞனுக்குக் கிடைத்த மூன்றாவது இடம். தலைமுறைப் பேச்சாளர்களும் ஆசிரியர்களும் அங்கிருந்து வந்தார்கள்.

அந்த வட்டங்களை உடைத்தது தலைமுறை இடைவெளி அல்ல, காகிதம். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று கணக்கு சொல்வார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய எஸ்.எஸ்.ரஜுலா கப்பல் ஆட்களை ஏற்றி வந்தது போலவே ஏற்றியும் சென்றது. ஒரே அணியில் பந்து விளையாடியவர்களில் நீல அட்டைக்காரன் இங்கே, சிவப்பு அட்டைக்காரன் நாகப்பட்டினத்தில். அதற்கு முன்னாலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கியிருந்தது. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துச் சில தோட்டங்களைக் காப்பாற்றினார், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. வட சிலாங்கூரிலேயே நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த கதை உங்களுக்குப் புதிதல்ல. வீட்டுக்கு நஷ்டஈடு பேசலாம். மன்றக் கொட்டகைக்கும் திடலுக்கும் யாரும் பேசவில்லை.

1972-இல் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளில் கம்பத்து மலாய்ப் பெண்கள்தான் அதிகம் என்றாலும், தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். அந்தப் பேருந்துதான் அவர்களுடைய முகாம். இரவு வேலை முடிந்து வரும் வழியில் ஜன்னலோரம் தோழி தோளில் சாய்ந்து தூங்கியதைச் சொல்லும் அத்தைமார் எனக்கு உண்டு. சேர்ந்து வாடகைக்கு இருந்த பெண்களுக்கு ஊரில் கிடைத்த பேரும் எனக்குத் தெரியும். அதை இங்கே சொல்லமாட்டேன். ஆண் பிள்ளைகள் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தால் 'பூஜாங் வீடு' என்று சிரித்துக்கொண்டு போகிறோம். பெண் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தால் இன்றும் நம் குரல் மாறுகிறது.

1990-களில் ரவாங்கிலும் செரண்டாவிலும் பெரோடுவா, 2003-இல் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் என்று தொழிற்சாலைகள் இந்தப் பக்கமே வந்தன. 2000-களின் இறுதியில் கோமுட்டர் ரயிலும் கோல குபு பாருவரை வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் செந்தூலிலும் பூச்சோங்கிலும் அறை எடுக்கிறார்கள். மூன்றறை அடுக்குமாடி வீடு, ஆறு பேர், வாடகையில் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு, ஓர் அரிசிப் பானை, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக். சென்னை திருவல்லிக்கேணியின் மேன்சன்களில் நடப்பதும் இதுதான். அங்கே மொட்டை மாடி, இங்கே மாமாக் கடை.

இவர்களுக்குள் பணமும் சுழலும். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவருக்குக் கொடுப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம், தங்கை கல்யாணத்துக்குக் கை உதவி. நாம் கூட்டு என்கிறோம். இது இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஒன்று. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே அந்தக் 'கூட்டு' உட்கார்ந்திருக்கிறது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம், அது தேவைதான். இன்னொரு சட்டமும் உண்டு, 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம். ஏழு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால்தான் அதன் கணக்கில் சங்கம். அந்த அம்மாவின் மகனையும் சேர்த்தால் அந்த வீட்டில் ஆறு பேர். இன்னும் ஒருத்தன் வந்து சேர்ந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவார்கள்! மருத்துவமனைப் படிவத்தில் 'வாரிசு' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒன்பது நாள் காவல் இருந்தவன் பெயரை அதில் எழுத இடமில்லை.

வீடு கிடைப்பதே பெரும்பாடு. 'இந்தியர்களுக்கு இல்லை' என்று வாடகை விளம்பரத்தில் வெளிப்படையாகவே போடுகிறார்கள். தொலைபேசியில் பேரைக் கேட்டதும் வீடு 'இப்போதுதான் போய்விட்டது' என்பார்கள். ஆறு பையன்கள் ஒரு கதவைத் தேடி இப்படி அலையும்போது, கதவை அகலத் திறந்து வைத்து இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள் என்றும் சொன்னது. அன்று நாம் தலைகுனிந்தோம். அந்தக் கும்பலில் சேர்ந்த பையனுக்கு முதலில் கிடைத்தது கத்தி அல்ல, 'அண்ணன்' என்று கூப்பிட ஓர் ஆள். ஆஸ்பத்திரிக்கு வர நாலு பேர், சாவுக்கு வர நாற்பது பேர். மணிமன்றக் கொட்டகை இருந்த இடத்தில் வெற்றிடம் விட்டது யார் என்று அந்தக் கணக்கோடு சேர்த்து யாரும் கேட்கவில்லை.

சங்கங்கள் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டு இளைஞர் சங்கச் சட்டம் 40 வயதுவரை இளைஞர் என்றே வைத்திருந்தது. 2019-இல்தான் அதை 30 ஆகக் குறைக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பேரப்பிள்ளை எடுக்கும் வயதை நெருங்குபவர்கள் இளைஞர் பிரிவுத் தலைவர்களாக மாலை வாங்கிக்கொண்டிருந்தபோது, இருபத்து நாலு வயதுப் பையன் மாமாக் கடைக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை. திருமணமும் தள்ளிப்போகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் முதல் திருமணத்தின் சராசரி வயது ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 25.7. பள்ளி முடித்ததிலிருந்து கணக்கிட்டால், பையன்களுக்குப் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தையும் அவர்கள் யாரோடாவது சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

அந்தப் பூஜாங் வீட்டைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. லயத்தில் சாதி பார்த்து அறை ஒதுக்கினார்கள் என்றேனே, இங்கே ஒதுக்குவது வாடகையும் வேலை நேரமும்தான். யார் எந்தத் தெரு, யார் எந்தக் கோயில் வகையறா என்று கேட்காமல் ஒரே பானையில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது வீட்டுப் பெரியவர்கள்தான் அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

குறையும் இருக்கிறது. ஒருவன் கல்யாணம் செய்தால் வட்டம் கலைகிறது. 'போய்ட்டான் மச்சான்' என்ற ஒரு வார்த்தையில் பத்து வருட உறவு முடிகிறது. வேலை போனவன் இரண்டு மாத வாடகை கொடுக்க முடியாமல் மெல்ல ஒதுங்கிப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். நான் குடியிருந்த வீட்டிலேயே அப்படி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனான். நாங்கள் நாலு பேரும் தூங்குவது போல் படுத்திருந்தோம். சொந்தக்காரன் என்றால் அப்படிப் போகவிட்டிருப்போமா என்று இன்றும் எனக்கு உறுத்தும். உரிமை இல்லாத உறவில் சண்டை போட்டுத் தடுக்கவும் உரிமை இல்லை.

அம்மா, உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் காய்ச்சலை உங்களிடம் மறைத்தது தப்பு, அதற்கு அவனோடு சண்டை போடுங்கள். அந்த ஐந்து பேரோடு வேண்டாம். உங்கள் மாமனார் லயத்தில் காய்ச்சலோடு கிடந்தபோது கஞ்சி ஊற்றியவனை உங்கள் வீட்டில் என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதே முறைதான் இவர்களுக்கும்.

இந்த உரையை எழுதி முடித்த பிறகு அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, 1941 கோரிக்கையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சின்ன வயதில் தோட்டத்து கேட்டில் ஜாகா பெயர் எழுதிக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார், அதனால் தன் அப்பாவுடைய கூட்டாளிகள் எல்லாருடைய முழுப் பெயரும் தனக்கு இன்றும் மனப்பாடம் என்றார். மகனுடைய கூட்டாளிகளின் பெயர்?

"பட்டப்பேருதான் தம்பி தெரிஞ்சுச்சு. நேத்துதான் அவன்கிட்ட கேட்டு, அஞ்சு பேரையும் காலண்டருக்குப் பின்னால எழுதி வச்சிருக்கேன்."